இரண்டு வார்ப்பு முறைகளும் கந்தம்மாளின் கடைவாய்ப் பல்லும்

எங்கள் டாக்டர் அகிலனுக்குப் பேராசிரியர் ஆகிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அவருடைய ஆசைக்குக் கவுஞ்சியில் பூண்டு விவசாயம் பார்க்கிற ஒரு பெண்ணின் பல்லைப் பலி கொடுப்போம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

கொடைக்கானல் ஏழு ரோட்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற வழியில் எங்கள் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, சோபா, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம். பின்பக்கம் தகரம் வேய்ந்த ஓர் அறை. அதுதான் லேப். டாக்டர் அளவெடுத்து அனுப்புகிற பல்லுக்குக் கேப்பு, அதாவது மேலே மாட்டுகிற உலோக உறை, செய்து கொடுப்பவள் தாரணி என்கிற நான். பதினான்கு வருஷமாக இதே வேலை. சிரிக்கிற குடும்பத்துக்கு இந்த அறை இருப்பதே தெரியாது.

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் மலையிறங்கிப் போய் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அங்கே பதவி உயர்வு வேண்டுமானால் கருத்தரங்கில் ஆய்வுக் கட்டுரை படிக்க வேண்டுமாம். ஆறு மாதம் தலைப்பு கிடைக்காமல் அலைந்தார். கடைசியில் ஒருநாள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு லேபுக்குள் ஓடிவந்தார்.

"தாரணி, டாபிக் கிடைச்சிருச்சு. ஸ்லோ காஸ்டிங் வெர்சஸ் குயிக் காஸ்டிங். எது அக்யூரேட்னு கம்பேர் பண்றோம்."

"பண்றோம்" என்றால் நான் பண்ணுகிறேன் என்று அர்த்தம்.

இந்த வார்ப்புத் தொழிலைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்த அக்கிரமம் விளங்காது. பல்லின் அச்சு மேல் மெழுகால் கேப்பு செய்வேன். அதை ஒரு வளையத்துக்குள் நிறுத்தி, ஒருவகை மாவை அதற்கென்று வருகிற திரவத்தில் குழைத்து ஊற்றுவேன். மாவு கல்லாக இறுகிவிடும். அடுப்பில் வைத்தால் மெழுகு எரிந்துபோய், உள்ளே கேப்பின் வடிவத்தில் வெற்றிடம் நிற்கும். அதற்குள் உருக்கிய உலோகத்தைப் பாய்ச்சினால் கேப்பு தயார். ஒரே தொல்லை, உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்குகிற அளவுக்கு அந்த மாவு முன்கூட்டியே விரிந்து கொடுக்க வேண்டும். அது விரிவதும் விரியாததும் பெரும்பாலும் அந்தத் திரவத்தைப் பொறுத்தது. விரியவில்லை என்றால் கேப்பு சின்னதாகப் போய்விடும், பல்லில் இறங்காது.

பழைய முறையில், வளையத்தை ஆறிய அடுப்பில் வைத்து எட்டு மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். புது முறையில், மாவு இறுகிய இருபதாவது நிமிடம் கனன்றுகொண்டிருக்கிற அடுப்புக்குள் நேராகத் தள்ளிவிடலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்தால் இரண்டும் ஒழுங்காக வரும், சொதப்பினால் இரண்டும் சொதப்பும். ஆனால் இதைச் சொல்லி யாரும் பேராசிரியர் ஆக முடியாதே.

அதனால் டாக்டர் முடிவுரை ஸ்லைடை முதலில் தயாரித்தார். புது முறையே சிறந்தது என்று பச்சை எழுத்தில் அடித்து, பக்கத்தில் ஒரு ராக்கெட் படமும் போட்டுவிட்டார். அப்புறம்தான் ஆய்வு தொடங்கியது. எஃகில் கடைந்த ஒரு மாதிரிப் பல்லுக்கு, பழைய முறையில் பத்துக் கேப்பு, புது முறையில் பத்துக் கேப்பு நான் செய்ய வேண்டும். கேப்புக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மைக்ரான் கணக்கில் கல்லூரியில் அளப்பார்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டதில் ஒரு கூறு. எங்கள் கூரையில் ஓட்டை எத்தனை மைக்ரான் என்று ஒருநாளும் யாரும் அளந்தது கிடையாது.

எஃகுப் பல் மட்டும் போதாது, உயிருள்ள ஒரு பல்லும் வேண்டும், அப்போதுதான் சபையில் எடுபடும் என்றார். அந்த வாரம் பார்த்து வந்து மாட்டினாள் கந்தம்மாள்.

கந்தம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கவுஞ்சியில் மலைச்சரிவில் வெட்டிய மூன்று படி நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறாள். இடது பக்கக் கடைவாய்ப் பல் எல்லாம் என்றைக்கோ போய்விட்டன. சாப்பாடு முழுக்க வலது பக்கத்தில்தான். அங்கே கீழே வரிசையாக மூன்று பல். நடுப் பல்லில் சொத்தை விழுந்து, வேர் சிகிச்சை முடித்து, கேப்பு போட வந்திருந்தாள். பூண்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். கடிக்கிறபோது வருகிற சத்தத்தை வைத்துத்தான் மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாள். அவள் கடித்துச் சொன்ன பூண்டு கெட்டுப்போனது என்று பெயர் வாங்கியது இல்லையாம்.

"இந்த ஒரு பக்கந்தேன் தாயி எனக்குக் கெடக்கு" என்று என்னிடம் வாயைத் திறந்து காட்டினாள். "இதும் போச்சுன்னா கஞ்சியக் கரைச்சுக் குடிச்சுட்டுக் கெடக்க வேண்டியதுதான். பாத்துச் செய்யி."

பார்த்துச் செய்கிறேன் அக்கா என்றேன்.

பொங்கலுக்கு ஐந்து நாள் லீவில் ஆடலூருக்கு, எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வாரம் இங்கே உறைபனி. ஏரிக்கரைப் புல் எல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடந்ததாகச் சொன்னார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அந்தத் திரவப் பாட்டிலை நான் தகர அறையில் வைப்பதில்லை. முன்னால் ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைப்பேன். கொடைக்கானலில் ஜனவரி மாதம் ஃப்ரிட்ஜ் என்பது சாமான்களைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிற பெட்டி. லீவு முடிந்து வந்து பார்த்தபோதும் பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. சந்தேகப்பட எதுவும் இல்லை.

பழைய முறையில் பத்துக் கேப்பும், கூடவே கந்தம்மாளின் கேப்பும் வார்த்தேன். பதினொன்றும் இறுக்கமாக வந்தன. பத்தை எஃகுப் பல்லிலும் ஒன்றை அவள் பல்லின் அச்சிலும் வைத்து அழுத்தினால் பாதியிலேயே நின்றுவிட்டன. பதினான்கு வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை. மாவை மறுபடி எடைபோட்டேன், அடுப்பின் சூட்டைச் சரிபார்த்தேன், என் கையே கெட்டுப்போய்விட்டதோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. டாக்டரோ துள்ளிக் குதிக்காத குறை.

"சூப்பர் டேட்டா தாரணி. பத்தும் ஒரே மாதிரி ஃபெயில். நான் சொன்னேன்ல, ஓல்ட் மெத்தட் வேஸ்ட்."

கந்தம்மாள் வெள்ளனே கிளம்புகிற பஸ்ஸைப் பிடித்து, மன்னவனூர் சுற்றி வந்து இறங்கினாள். கேப்பு அவள் பல்லிலும் இறங்கவில்லை. கேப்பு சின்னது என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். பல் பெரிசு என்பார்கள். எங்கள் டாக்டரும் அதையே சொன்னார். மெஷினை எடுத்துப் பல்லைச் சுற்றிச் சீவினார், புதிதாக அளவெடுத்தார், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

"ஆண்டவன் குடுத்த பல்லு பெரிசா இருக்கா, சரி" என்று எழுந்து போனாள் கந்தம்மாள்.

அந்தப் பத்து நாளில் புது முறைக்கான பத்துக் கேப்பையும் வார்த்தேன். அதற்கென்று புது மாவும் புதுப் பாட்டிலும் வந்திருந்தன. பத்தும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. கந்தம்மாளின் இரண்டாவது கேப்பையும் பழைய முறையிலேயே, பழைய பாட்டிலை வைத்தே செய்யச் சொன்னார் டாக்டர். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை தோற்றால்தான் தோல்வி நிரூபணம் ஆகுமாம். அதையும் வார்த்து முடித்து வைத்தேன்.

அவள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைத்து எல்லா வேலையும் பார்க்கிற அன்னக்கொடியக்கா, தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை என் அடுப்புப் பக்கம் வைத்தாள். இங்கே குளிர்காலம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வெண்ணெய் மாதிரி இறுகித்தான் கிடக்கும். எல்லார் வீட்டிலும் அடுப்போரம் வைத்து இளக்குவோம், ஆறினால் மறுபடி இறுகும், மறுபடி இளக்குவோம். ஒன்றும் கெட்டுப்போகாது.

"உன் மருந்தும் இப்பிடித்தேன் புள்ள ஒறஞ்சு கெடந்துச்சு" என்றாள் அன்னக்கொடியக்கா, பேச்சோடு பேச்சாக. "பொங்கலப்போ டாக்டரம்மா கேக்கு வைக்க எடமில்லன்னு அந்தப் பாட்டில எடுத்துச் சன்னல்ல வச்சுருச்சு. காலையில பாத்தா கல்லு. நாந்தேன் வெந்நியில போட்டு எளக்கி, தொடச்சு, திரும்ப உள்ள வச்சேன். நல்லா எளகிருச்சு."

அவள் முகத்தில் அத்தனை பெருமை. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்த மலையில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானே செய்திருப்பேன், அந்த லேபிளைப் படிக்காமல் இருந்திருந்தால்.

பாட்டிலை எடுத்து வந்து ஒரு கறுப்புத் தாள் மேல் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். ரவை மாதிரிப் பொடிப் பொடியாகத் திரண்டிருந்தது. லேபிளில் எறும்பு எழுத்தில், உறைய விடக் கூடாது, உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்று இருந்தது. இளக்கினால் பாட்டிலில் தண்ணீர் மாதிரித்தான் தெரியும், ஆனால் மாவை விரிய வைக்கிற சக்தி போயிருக்கும். ஆக, பழைய முறையிலும் கோளாறு இல்லை, கந்தம்மாள் பல்லிலும் கோளாறு இல்லை. டாக்டரின் மனைவி சுசித்ராவின் கேக்குத்தான் எங்கள் ஆய்வின் மகத்தான கண்டுபிடிப்பு.

பாட்டிலோடு டாக்டரிடம் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க தாரணி, லாஸ்ட் ஸ்லைடு."

நன்றி என்று போட்டு, அவருடைய மாமனார் சுவாமிநாதனின் பெயருக்கும், உலோகம் அனுப்பிய கம்பெனியின் பெயருக்கும் நடுவில், தொழில்நுட்ப உதவி: ஆ. தாரணி என்று இருந்தது. இன்ஷியலோடு. பதினான்கு வருஷத்தில் இரண்டாயிரம் கேப்பாவது செய்திருப்பேன். அதில் ஒன்றிலும் என் பெயர் கிடையாது. அந்தச் சின்ன எழுத்தை இரண்டு தடவை படித்தேன். ரொம்ப சந்தோஷம் சார் என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் கந்தம்மாள் வந்தாள். கேப்பு இறங்காது என்று எனக்குத் தெரியும். இறங்கவில்லை. டாக்டர் மறுபடி மெஷினை எடுத்தார். அன்றைக்கு அன்னக்கொடியக்கா லீவு, அதனால் நான்தான் பக்கத்தில் இருந்தேன். பல் சீவுகிறபோது ஒரு வாடை வரும். தண்ணீர் பீய்ச்சினாலும் போகாது. பல் ஏற்கெனவே இளைத்திருந்தது, இப்போது இன்னும் இளைத்தது.

நடுவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள் கந்தம்மாள். எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "இன்னும் எம்புட்டுச் சீவணும் டாக்டரு? கேரட்டக்கூட இப்பிடிச் சீவ மாட்டோம்."

"லேசாத்தாம்மா. உங்க பல்லு ஷேப் அப்படி."

காரணம் தெரிந்த நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவள் போன பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்துக் கேப்பையும் நல்ல பாட்டிலில் மறுபடி வார்த்துவிடலாம், மூன்று நாள் போதும் என்றேன். கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அச்சாகிவிட்டது என்றார்.

"ரிசர்ச்னா லிமிடேஷன்ஸ்னு ஒரு ஸ்லைடு இருக்கும் தாரணி. அதுல போட்டுக்கலாம்."

போட்டார். ஆய்வின் வரம்புகள்: மலைப் பிரதேசத்தின் தட்பவெப்பம். அவ்வளவுதான். கொடைக்கானலின் குளிர்தான் குற்றவாளி என்றால் யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

கந்தம்மாளின் மூன்றாவது கேப்பைப் புது முறையில் செய்தோம். அச்சைக் கையில் எடுத்தபோதே தெரிந்தது, பல்லில் மிச்சம் ஒன்றும் இல்லை. அதன் மேல் கேப்பு வைப்பது தீக்குச்சிக்குக் குல்லா மாட்டுவது போலத்தான். கேப்பு ஒரே அழுத்தில் போய் உட்கார்ந்தது. டாக்டர் எட்டுப் படம் எடுத்தார். கந்தம்மாள் கடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அடுத்த தடவை வரும்போது பூண்டு கொண்டு வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மதுரையில் ஏசி ஓட்டலில் கருத்தரங்கு. நானும் போயிருந்தேன், என் பெயர் வருகிற ஸ்லைடைப் பார்க்க. பழைய முறை சராசரி நூற்று அறுபத்திரண்டு மைக்ரான், புது முறை நாற்பத்தொன்று என்று டாக்டர் சொன்னபோது அரங்கத்தில் உச்சுக் கொட்டினார்கள். கந்தம்மாளின் திறந்த வாய், சுவர் அகலத்துக்குத் திரையில் தெரிந்தது. முதல் வரிசையில் இருந்த ஒருவர், பத்தும் ஒரே மாதிரி சின்னதாக வரக் காரணம் என்ன என்று கேட்டார். பழைய முறையின் பிறவிக் குணம் அது என்றார் டாக்டர். கைதட்டினார்கள். கடைசி ஸ்லைடு இரண்டு நொடி நின்றது, அதற்குள் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். மறைக்கிற தலைகளுக்கு நடுவில் என் இன்ஷியல் மட்டும் எனக்குத் தெரிந்தது. டாக்டருக்குச் சிறந்த கட்டுரைக்கான கேடயம் கொடுத்தார்கள். அது இப்போது சிரிக்கிற குடும்பத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

கருத்தரங்கு முடிந்த மூன்றாவது வாரம் கந்தம்மாள் வந்தாள். பூண்டு ஒரு பையில், கேப்பு ஒரு தாளில். பூண்டைக் கடித்துப் பார்த்திருக்கிறாள். பல் ஈறு மட்டத்தில் முறிந்து, கேப்போடு கையில் வந்துவிட்டது. தாளைப் பிரித்துப் பார்த்தேன். கேப்புக்குள் பல் துண்டு அத்தனை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு முடிகூட நுழையாது. வார்ப்பைக் குறை சொல்லவே முடியாது.

டாக்டர் பார்த்தார். மிச்ச வேரைப் பிடுங்கிவிடலாம் என்றார்.

"கவலைப்படாதீங்கம்மா. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு நல்ல பல்லா இருக்குல்ல, அது ரெண்டையும் லேசா சீவிட்டு, மூணையும் சேத்து ஒரே பிரிட்ஜா போட்டுரலாம். இப்ப எங்ககிட்ட பெஸ்ட் டெக்னிக் இருக்கு." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மூணு பல்லு பிரிட்ஜுக்கு ரெண்டு மெத்தடையும் கம்பேர் பண்ணா, இன்னொரு பேப்பர் வரும்."

மெஷினை எடுக்கக் கையை நீட்டினார். நான் ட்ரேயை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் சார். அந்த ரெண்டையும் தொடாதீங்க." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. கந்தம்மாளைப் பார்த்தே சொன்னேன். "அக்கா, உங்க பல்லு பெரிசெல்லாம் இல்ல. எங்க மருந்து ஒறஞ்சு கெட்டுப்போய், முதல் ரெண்டு கேப்பும் சின்னதா வந்துருச்சு. உங்க பல்லச் சீவியிருக்கவே கூடாது. சீவுனதுலதான் முறிஞ்சுபோச்சு. இப்ப இருக்கற ரெண்டையாவது காப்பாத்திக்கங்க. வேற எங்கயாவது போய்க் காட்டுங்க."

"தாரணி, வெளிய போங்க" என்றார் டாக்டர். முதல் தடவையாக அவர் குரலில் ஆங்கிலம் இல்லை.

கந்தம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். டாக்டரை அவள் பார்க்கவே இல்லை.

"மருந்து கெட்டது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ரெண்டாவது கேப்புக்கு வந்தீங்கல்ல, அதுக்கு முந்துன நாளு."

முறிந்த பல்லைத் தாளில் மடித்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீதான தாயி, என் தலையப் புடிச்சுக்கிட்டு நின்ன" என்றாள்.

பக்கத்தில் இருந்தேன் என்று மேலே எழுதினேன். அது முழு உண்மை இல்லை. மெஷின் பல்லில் பட்டபோது அவள் பயந்து முகத்தைத் திருப்பினாள். அவள் அசைந்துவிடக் கூடாது என்று தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.